மண் யாருடையது? லம்பா லைனிலிருந்து ஆப்பிரிக்கப் புனைகதையை வாசித்தல்

ஆப்பிரிக்கப் புனைகதையில் இடமும் அடையாளமும் என்று பேச்செடுத்தால் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் சினுவா அச்செபே. 1958இல் வந்த அவருடைய முதல் நாவலை என். கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று தமிழில் தந்தார். அடுத்து கூகி வா தியாங்கோ. ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ வழியாக அவரும் நமக்கு நெருக்கமானவர்தான். இந்த இருவரையும் வைத்து ஒரு சித்திரம் நம் மனத்தில் உறைந்துவிட்டது. மண் ஒரு மக்களுடையது, அந்நியன் வந்து பறித்தான், மண் போனதும் மனிதனும் குலைந்தான், அதை மீட்டெடுப்பதே விடுதலை. தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தச் சித்திரத்துக்குள்ளேயே சுற்றிவருகின்றன.

லம்பா லைனில் இருந்துகொண்டு இதே நாவல்களைப் படிக்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரத்தில் விமான நிலையத்தை ஒட்டிய பகுதி இது. இங்குள்ள ஓடுதளத்தின் தொடக்கம் 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், உள்ளூர்க்காரர்களைக் கட்டாய வேலை வாங்கிப் போடப்பட்டது. இந்த நகரில் தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், கைதிகளின் வழிவந்த ‘லோக்கல்’ குடும்பங்கள் என்று எல்லாரும் கலந்தே இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3,80,581 பேரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். இத்தனை பேரில் யாருடைய கொள்ளுப்பாட்டனும் இந்த மண்ணில் பிறந்தவன் என்ற உரிமையில் இங்கே வீடு கட்டவில்லை. கைதியாகவோ, கூலியாகவோ, அகதியாகவோ, அரசு ஊழியராகவோ கப்பலில் வந்து இறங்கியவர்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளோ இந்த நகரத்தில் ஏறக்குறைய இல்லை. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்த பிறகு நோயாலும் துப்பாக்கியாலும் அருகிப்போன பெரிய அந்தமானியர் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள்தான்.

ஆக, பறித்தவன் பறிகொடுத்தவன் என்ற இருவர் கதையில் இங்குள்ள தமிழனை எந்தப் பக்கம் உட்காரவைப்பது? அச்செபேயும் கூகியும் அதற்கு இடம் தரவில்லை. ஆப்பிரிக்கப் புனைகதையிலேயே இன்னொரு கிளை தருகிறது. அதைத் தமிழில் நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். முதலில் பழகிய கிளையிலிருந்தே தொடங்குகிறேன். அதிலும் நாம் கவனிக்காமல் கடந்துபோனவை உண்டு.

‘சிதைவுகள்’ நாவலில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது ஒகோன்க்வோவின் வீழ்ச்சி. இடம் என்ற கோணத்தில் பார்த்தால் அதைவிடக் கூர்மையான பகுதி மபாண்டாவில் மிஷனரிகள் இடம் கேட்கும் அத்தியாயம். ஊர்ப் பெரியவர்கள் தந்திரமாகத் தீய வனத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார்கள். அம்மை கண்டு இறந்தவர்களையும் பிறந்ததும் வீசப்பட்ட இரட்டைக் குழந்தைகளையும் போடும் காடு அது. நாலே நாளில் வந்தவர்கள் செத்துப்போவார்கள் என்பது அவர்கள் கணக்கு. சாகவில்லை. கோயில் எழுந்தது. ஊரார் தள்ளிவைத்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஊர் தன் குப்பையைக் கொட்டிய இடமே ஊரைப் பிளக்கும் இடமாயிற்று. அச்செபே தம் மக்களின் பழைய உலகத்தைப் புகழ மட்டும் எழுதியிருந்தால் இந்த அத்தியாயம் வந்திருக்காது. அந்த ஊருக்குள்ளேயும் இடமற்றவர்கள் இருந்தார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. நாவலின் முடிவில் மாவட்ட ஆணையர் ஒகோன்க்வோவின் வாழ்வைத் தம் புத்தகத்தின் ஒரு பத்தியாகச் சுருக்கிவிடுகிறார். பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ இடமும் அவரிடம்தான் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காட்சி வேறில்லை. இங்கே அபர்தீன், ஹேடோ, விம்பர்லிகஞ்ச் என்று அதிகாரிகளின் பெயரையும் அவர்கள் நாட்டு ஊர்ப் பெயரையும் சுமக்கும் பகுதிகள் இன்னும் இருக்கின்றன. 2018இல் ராஸ் தீவு, ஹேவ்லாக், நீல் ஆகியவற்றுக்கும் 2024இல் போர்ட் பிளேருக்கும் பெயர் மாற்றினார்கள். புதிதாக வந்த எந்தப் பெயரும் அந்தமானிய மொழிகளில் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதல்ல.

கூகியின் எழுத்தில் இடம் இன்னும் நேரடியானது. ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’ (1967) நாவலின் தபாய் கிராமம் இயல்பாக வளர்ந்த ஊரன்று. மௌ மௌ எழுச்சியை அடக்க 1954 முதல் ஆங்கிலேயர் கிக்குயு மக்களைப் பழைய குடியிருப்புகளிலிருந்து பெயர்த்து, அகழி வெட்டவைத்து, காவல் கோபுரத்தின் பார்வையில் வரிசையாகக் குடிசை போடச் செய்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அப்படி இடம் மாற்றப்பட்டார்கள். நாவலின் மூகோ அந்த அகழியில் ஒரு பெண்ணை அடிப்பதைத் தடுக்கப்போய் மாட்டிக்கொள்கிறான். ஊரே அவனை வீரனாக நினைக்க, அவனுக்கு மட்டும் தெரிந்த துரோகம் அவனைத் தின்கிறது. விடுதலை நாள் 1963 டிசம்பர் 12. கொண்டாட்டத்துக்கு முன்பே கிகோன்யோ என்ற தச்சன் ஒரு வெள்ளைக்காரனின் பண்ணையைக் கூட்டாக வாங்கக் கடனுதவி கேட்டுத் தங்கள் எம்.பி.யிடம் அலைகிறான். கடைசியில் எம்.பி.யே அதை வாங்கிக்கொள்கிறார். கொடி மாறியது, வேலி அப்படியே நின்றது. 1961இல் ஃபிரான்ஸ் ஃபனோன் காலனிய நகரத்தை இரண்டு பகுதிகளாக வெட்டப்பட்ட உலகம் என்று விவரித்தார். விடுதலைக்குப் பின் அந்தப் பிரிவினையை உள்ளூர் ஆட்களே எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை விரிவாக எழுதிக்காட்டியவர் கூகி.

கூகி பின்னர் நாடகம் போட்ட கமிரீது கிராமமும் அப்படி அவசரநிலைக் காலத்தில் உண்டான ஊர்தான். அதன் மக்களே ஒரு திறந்தவெளி அரங்கத்தைக் கட்டினார்கள். 1977இல் அங்கே கிக்குயு மொழியில் நாடகம் நடந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள் கூகி கைதானார். சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதியதே ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. 1982இல் போலீஸ் வந்து அரங்கத்தைத் தரைமட்டமாக்கியது. அடைத்துவைக்கப் போட்ட ஊரை அதன் மக்கள் கூடிப் பேசும் இடமாக மாற்றினார்கள். அரசுக்குப் பொறுக்கவில்லை.

‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ (1977) இங்குள்ளவர்கள் கட்டாயம் படிக்கவேண்டிய நாவல். வறட்சியில் வாடும் இல்மோரோக் கிராமத்தார் தலைநகருக்கு நடந்தே போய் முறையிடுகிறார்கள். பலனாக வருவது ஒரு நெடுஞ்சாலை. சாலையோடு வங்கி, சாராய ஆலை, சுற்றுலா விடுதி எல்லாம் வருகின்றன. பழைய கிராமத்தார் தங்கள் நிலத்தை அடமானத்தில் இழந்து சேரிக்குப் போகிறார்கள். அந்தமான் ட்ரங்க் ரோடு ஜாரவா பழங்குடிக் காப்பகத்தை ஊடறுத்துப் போவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. அந்தப் பகுதியில் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டது. ஆணைக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இல்மோரோக்கில் சாலையைக் கேட்டவர்களே சாலையால் அழிகிறார்கள். இங்கே சாலை வேண்டும் என்கிறவர்கள் வடக்கே குடியமர்த்தப்பட்ட நம்மைப் போன்றவர்கள். டிக்லிபூரில் பிரசவ வலி எடுத்தால் பெரிய ஆஸ்பத்திரி தெற்கே இருக்கிறது. அவர்கள் கேட்பதும் நியாயம்தான். இழப்பு காட்டுக்குள் இருப்பவருக்கு. இந்த முடிச்சைக் கூகியின் சூத்திரத்தால் அவிழ்க்க முடியாது.

தமிழில் இந்தப் பேச்சு வந்ததும் திணைக்கோட்பாட்டைக் கையில் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அங்குள்ள உயிர்களையும் தொழிலையும் கருப்பொருளாக்கி, மனத்தின் நிலையை உரிப்பொருளாக்கிய மரபு நம்முடையது. உமுவோஃபியாவின் கிழங்குக் களஞ்சியமும் ஒகோன்க்வோவின் ஆண்மையும் அந்தக் கண்ணாடியில் அழகாகவே தெரியும். ஆனால் திணை ஒருவன் பிறந்த நிலத்தைப் பற்றியது. அவனுடைய தெய்வமும் பறையும் பறவையும் அவனுக்கு முன்பே அங்கே இருக்கின்றன. கூலிக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் முதற்பொருள் வேறொருவருடையது, கருப்பொருளில் பாதி மூட்டையில் கட்டி வந்தது. திணைக்குள் இதற்கு ஒரு வழி உண்டென்றால் அது பாலை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோ சொன்னதை, நிலம் நிலையானதன்று என்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் திணையை இழுத்துப் பிடித்தால் கோட்பாடுதான் கிழியும். ஈழத்து, மலேசிய எழுத்தைப் புதிய திணை என்று பட்டம் கட்டிப் பேசும் கட்டுரைகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பட்டத்தோடு அவை நின்றுவிடுகின்றன.

அச்செபேயையும் கூகியையும் விட்டு வேறு நாவல்களுக்கு வந்தால் இடம் என்பதன் அளவே மாறிவிடுகிறது. ஊர், நிலம் என்பதைவிட அறையும் மேசையும் பெட்டியும் முக்கியமாகின்றன. சூடானின் தயிப் ஸாலிஹ் எழுதிய ‘வடக்கு நோக்கிய பெயர்வின் பருவம்’ (1966) நாவலில் நைல் கரைக் கிராமம் ஒன்றில் முஸ்தஃபா சயீத் யாருக்கும் காட்டாமல் பூட்டிவைத்த அறையைத் திறந்தால் உள்ளே ஆங்கிலக் கணப்படுப்பும் ஆங்கிலப் புத்தகங்களும். 2021இல் நோபல் பரிசு பெற்ற சான்சிபார்க்காரர் அப்துல்ரசாக் குர்னாவின் ‘பை த ஸீ’ (2001) நாவலில், நாற்காலி மேசை விற்றுவந்த முதியவர் சாலிஹ் ஓமர் லண்டன் விமான நிலையத்தில் அடைக்கலம் கேட்டு நிற்கிறார். அவர் கொண்டுவந்த அகில் மணப்பெட்டியைக் குடிவரவு அதிகாரி எடுத்துக்கொள்கிறார். அவருடைய ஊர் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பெண்கள் எழுதும்போது அளவு இன்னும் குறுகும். புச்சி எமெசெட்டாவின் ‘த ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ (1979) லாகோஸில் ஒற்றை அறையில் குழந்தைகளோடும் சக்களத்தியோடும் மூச்சுமுட்டும் கதை. நைஜீரியா என்ற நாடு அந்த அறைக்குள் எட்டிப்பார்ப்பதே இல்லை. நம் மலையக லயத்துக் காம்பராவை அறிந்தவர்களுக்கு எமெசெட்டா அச்செபேயைவிட நெருக்கமாகத் தோன்றுவார்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் கிளை.

கென்ய, தான்சானிய நாவல்களில் இந்தியர் பெரும்பாலும் ஒரு கடையின் கல்லாவுக்குப் பின்னால் நிற்பார். கூகியின் ‘வீப் நாட், சைல்ட்’ (1964) நாவலிலும் நகரத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே இந்தியக் கடைகள் இருக்கின்றன. கதை அவற்றுக்குள் அதிகம் நுழையாது. வெளியில் நிற்பவர் கண்ணில் அது சரியான காட்சிதான். கடைக்குள்ளிருந்து எழுதியவர் எம். ஜி. வசன்ஜி. ‘த கன்னி சேக்’ (1989) நாவலில் குஜராத்தி வணிகக் குடும்பம் ஒன்றின் நினைவுகள் ஒரு கோணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அப்படி வெளிவரும் உண்மைகளில் ஒன்று, குடும்பத்தின் மூதாதை தன்ஜி கோவிந்த்ஜிக்கு ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணிடம் மகன் பிறந்தான் என்பது. குலப்பெருமை பேசும் குடும்பத்தின் வேரிலேயே ஆப்பிரிக்கப் பெண் இருக்கிறாள். அவளை வாங்கிவைத்திருந்தவர்களும் இவர்களே. ‘த இன்-பிட்வீன் வேர்ல்ட் ஆஃப் விக்ரம் லால்’ (2003) நாவலின் பாட்டன் கென்யாவில் ரயில் பாதை போட வந்தவர், பேரன் ஊழலில் ஊறிக் கனடாவில் ஒளிந்திருக்கிறான். வசன்ஜி தம் மக்களுக்காக வாதாடுவதில்லை. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதே கேள்வியைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து கேட்டவர் மஹ்மூத் மம்தானி. 1972இல் இடி அமீன் ஆசியர்களை உகாண்டாவிலிருந்து விரட்டியபோது வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர். 1998இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே, குடியேறியவன் எப்போது மண்ணின் மகனாவான் என்பதுதான். காலனியச் சட்டம் வகுத்த பிரிவுகள் நீடிக்கும்வரை ஒருபோதும் ஆகமுடியாது, குடியேறியவன் பூர்வகுடி என்ற இரண்டு பெட்டிகளையும் சேர்த்தே கலைக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாவலாசிரியர்களுக்கு அந்த அளவு தெளிவு கைவராது, வரவும் வேண்டாம்.

தமிழருக்கு மிக அருகில் இருக்கும் எழுத்தாளர் தென்னாப்பிரிக்காவின் ரோனி கோவெண்டர். அவருடைய ஊரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அப்போதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் பெரும்பகுதி. ஒப்பந்தம் முடிந்தவர்கள் டர்பனின் மேற்குப் பள்ளத்தாக்கான கேட்டோ மேனரில் காய்கறி போட்டார்கள், நிலம் வாங்கினார்கள், கோயில் கட்டினார்கள். நகரத்தின் முதல் மேயராக இருந்த வெள்ளைக்காரரின் பெயர் அந்தப் பள்ளத்தாக்குக்கு. ஜூலு மக்கள் அதை உம்கும்பானே என்றார்கள். வேலை தேடி வந்த ஆப்பிரிக்கர்கள் இந்தியர் நிலத்தில் வாடகைக்குத் தகரக் குடிசை போட்டுக்கொண்டார்கள். 1949 ஜனவரியில் கலவரம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 142 பேர், அவர்களில் ஆப்பிரிக்கர்களே கூடுதல். 1950இன் குழுவாழ்விடச் சட்டத்தைக் காட்டி, 1958இல் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையருக்கு என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்கர்களைக் க்வாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் தள்ளினார்கள். வீடுகள் இடிந்தன, புதர் மண்டியது. சில கோயில்கள் மட்டும் மக்களில்லாத இடத்தில் நின்றன.

1934இல் அங்கே பிறந்த கோவெண்டர், ஊர் அழிந்து பல்லாண்டு கழித்து 1996இல் ‘அட் தி எட்ஜ்’ என்ற கேட்டோ மேனர்க் கதைத்தொகுப்பை வெளியிட்டார். முதல் நூலுக்கான காமன்வெல்த் பரிசை ஆப்பிரிக்கப் பகுதிக்கு அது பெற்றது. அந்தக் கதைகள் தனிநபர் நாடகமாகவும் மேடையேறின. அந்தக் கதைகளின் ஆங்கிலம் டர்பன் இந்தியரின் பேச்சு ஆங்கிலம், தமிழ் உறவுச்சொற்களும் ஜூலு வசவுகளும் கலந்தது. ஊரைக் கட்டிட வரைபடமாக அவர் நினைவுகூரவில்லை. யார் வீட்டுத் திண்ணையில் யார் குடித்தார், எந்தத் திடலில் பந்தாடினார்கள், கோயில் விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பவை வழியாகவே பள்ளத்தாக்கு எழுகிறது. அதிகாரம் இடித்ததைச் சொல்லால் திரும்பக் கட்டும் வேலை என்று விமர்சகர்கள் புகழ்வது நியாயமே.

எனக்கு ஒரு குறை உண்டு. ‘1949’ என்ற கதையில் ஆப்பிரிக்கர் ஒருவர் இந்தியக் குடும்பத்தைக் காக்க முனைகிறார். நல்ல கதை, நெஞ்சைத் தொடும். கலவரத்தை வெள்ளையர் விசிறிவிட்டதையும் அது சுட்டுகிறது. ஆனால் குடிசைக்கு வாங்கிய வாடகை, தண்ணீர்க் குழாய் யார் கையில் இருந்தது, கடையில் கடன் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பவை தொகுப்பில் ஓரமாகவே வந்துபோகின்றன. இழந்த ஊரை எழுதும்போது கை தானாக இனிப்பைக் கூட்டிவிடும். ஜோஹன்னஸ்பர்கின் சோபியாடவுனும் கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் பலருடைய நினைவெழுத்தில் இப்படி இனிக்கத் தொடங்கியது உண்டு. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் இடிபடும் முன்பே, 1962இல், அலெக்ஸ் லா கூமா எழுதிய ‘எ வாக் இன் த நைட்’ கதையில் அந்தப் பகுதி கழிவும் பயமும் நிறைந்த படிக்கட்டுகளாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே தெருக்கள். இழப்பதற்கு முன் எழுதியதையும் இழந்தபின் எழுதியதையும் சேர்த்துப் படித்தால்தான் இடம் முழுமையாகக் கிடைக்கும்.

மொரிஷியஸின் கவிஞர் கால் தொராபுலி இதற்கு வேறொரு வழி சொன்னார். கூலியின் அடையாளம் விட்டுவந்த மண்ணிலும் இல்லை, சேர்ந்த மண்ணிலும் இல்லை, இடையில் கடந்த கடலில் இருக்கிறது என்பது அவர் கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது. சென்னையிலிருந்து இங்கே மூன்று நாள் கப்பலில் வந்தவர்களுக்குக் கடலைப் பற்றிக் கவிதை வராது, வாந்திதான் வரும் என்பதை ஒதுக்கிவிடலாம். பெரிய சிக்கல் வேறு. கடலில் யாருக்கும் பட்டா இல்லை. பிறர் மண்ணில் குடியிருக்கிறோம் என்ற கேள்வியைக் கடல் எளிதில் கழுவிவிடுகிறது. அதே மொரிஷியஸின் ஷெனாஸ் பட்டேல் எழுதிய ‘சாகோஸின் மௌனம்’ (2005) என்னை அதிகம் பாதித்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க 1968 முதல் 1973 வரை சாகோஸ் தீவுக்காரர்கள் பெயர்க்கப்பட்டு மொரிஷியஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கடல் ஒரு சுவர். தீவில் வாழ்கிறவர்களுக்கு எந்த உருவகம் பொருந்தும் என்று கேட்டால் நான் இந்த நாவலையே காட்டுவேன்.

தமிழ்ப் புனைகதை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? புதுமைப்பித்தன் 1930களிலேயே ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கப்பட்டுப் போவதை எழுதினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964), சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்று மலையகம் தனக்கென ஒரு மரபை உண்டாக்கியது. லயம், பெரட்டுக் களம், கங்காணி வீடு, துரை பங்களா என்று ஏறிப்போகும் படிநிலையை, மலையின் சரிவே சாதி வர்க்கப் படிக்கட்டாக இருப்பதை, இவர்கள் சொன்ன அளவுக்கு வேறு எந்தத் தமிழ் எழுத்தும் சொல்லவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) மெடான் தெருவில் நடப்பவனின் மனத்தில் மதுரைத் தெருவை ஓடவிட்டது. இவற்றில் பெரும்பாலானவை உரிமை மறுக்கப்பட்டவனின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. 1948இல் இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களைப் பற்றி வேறு எப்படி எழுதுவது? ஆனால் கதை இங்கே முடியவில்லை. அதன் அடுத்த அத்தியாயம் அந்தமான் நிக்கோபாரில் நடந்தது.

1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றானது. பெரும்பாலோர் நீலகிரிக்கும் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் போனார்கள். ஒரு சிறு பகுதியைக் கட்சால் தீவில் ரப்பர் போட அனுப்பினார்கள். கட்சால் நிக்கோபாரியரின் தீவு. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியார் அனுமதிச் சீட்டில்லாமல் கால்வைக்க முடியாத இடம். இரண்டு தலைமுறையாக இலங்கையில் அந்நியர் என்று சொல்லப்பட்டவர்களை அழைத்துவந்து, இன்னொரு மக்களின் தீவில் அரசே அந்நியராக இறக்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்சால் மிக மோசமாக அடிபட்டது. தோட்டத் தொழிலாளியும் பாதிக்கப்பட்டார், தென்னையையும் பன்றியையும் உறவுகளையும் இழந்த நிக்கோபாரியரும் பாதிக்கப்பட்டார். வசன்ஜி செய்ததைப் போல இரண்டு உண்மைகளையும் அருகருகே வைக்கக்கூடிய நாவல் எங்கேனும் காத்திருக்கிறதென்றால் அது இங்கேதான்.

அந்தமானோ தமிழ் மக்கள் கற்பனையில் நெடுங்காலம் சிறையாக இருந்தது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகம் 1952இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘அந்தமான் கைதி’ என்ற படமானது. 1978இல் சிவாஜியின் ‘அந்தமான் காதலி’ வந்தபோது தீவு காதலர் சுற்றிப்பார்க்கும் இடமாகிவிட்டது. சிறைக்கும் தேனிலவுக்கும் இடையில் இங்கே ரேஷன் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கப்பல் டிக்கெட்டுக்கு ஐலண்டர் கார்டோடு வரிசையில் நிற்கும் மனிதர் திரையில் வரவில்லை. ஆங்கிலத்தில் பங்கஜ் சேக்சாரியாவின் ‘த லாஸ்ட் வேவ்’ (2014), ஷுபாங்கி ஸ்வரூப்பின் ‘லாட்டிட்யூட்ஸ் ஆஃப் லாங்கிங்’ (2018), உஸ்மா அஸ்லம் கானின் ‘த மிராக்யுலஸ் ட்ரூ ஹிஸ்டரி ஆஃப் நோமி அலி’ (2019) என்று நாவல்கள் வந்திருக்கின்றன. கானின் நாவல் ஜப்பானியர் காலத்தைக் கைதிக் குடும்பத்துப் பிள்ளைகளின் கண்ணால் பார்க்கிறது. மூவருமே தீவுக்கு வெளியிலிருந்து எழுதியவர்கள். அது குற்றமன்று, ஆனால் ஒரு வரம்பு.

இங்கே அடையாளம் என்பது எப்போது வந்தாய் என்ற கேள்விக்கான பதில். ‘ப்ரீ-42’ என்றால் ஜப்பானியர் வருமுன்பே இங்கிருந்த குடும்பம். அது பேச்சு வழக்கு மட்டுமன்று, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே ஒரு பிரிவு. மாப்பிளாக்களும் பாண்டுகளும் கரேன்களும் குடியமர்த்தப்பட்ட வங்காளிகளும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் வந்த மாப்பிளாக்கள் காலிகட், திரூர், மண்ணார்காட் என்று சொந்த ஊர்களைத் தீவின் வரைபடத்தில் நட்டுவிட்டார்கள். பொதுப்பணித் துறைக்கும் துறைமுகத்துக்கும் வனத்துறைக்கும் கூலியாக, பெரும்பாலும் விடுதலைக்குப் பின், தனித்தனியாக வந்த தமிழருக்குப் பட்டியலில் தனிப் பெயரில்லை. அரசு நிலத்தில் குடிசை போட்டவர்களுக்கு ‘என்க்ரோச்மென்ட்’ என்ற சொல்லே முகவரி. கேட்டோ மேனரின் தகரக் குடிசைக்காரரும் நிலக்காரரும் ஒரே ஆளுக்குள் இருப்பதைப் போன்ற நிலை இது. அரசின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர், ஜாரவாவின் கண்ணில் ஊரைப் பிடித்தவர், மெயின்லேண்டுக்குப் போனால் அந்தமான்காரர்.

இந்த நிலைக்குத் தொடக்கமாக ஒரு மனிதரை வரலாறு தருகிறது. துத்நாத் திவாரி, 1857 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட சிப்பாய். 1858இல் தப்பிக் காட்டுக்குள் ஓடி, அந்தமானியரோடு ஓராண்டு வாழ்ந்து, அவர்கள் பெண்ணை மணந்து, 1859 மே மாதம் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கப்போகிறார்கள் என்று ஆங்கிலேயரிடம் வந்து சொன்னார். அபர்தீன் சண்டையில் அந்தமானியர் தோற்றார்கள், திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. பின்னால் வந்த நம் எல்லாருக்கும் முன்னோடி அவர்தான் என்றால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் கூகியின் மூகோவைப் போல, துரோகியாகவும் அடிபட்டவனாகவும் ஒரே உடம்பில் நிற்கும் பாத்திரம் தீவின் ஆவணத்திலேயே இருக்கும்போது, நம் எழுத்து செல்லுலார் சிறையின் வீரர்களை மட்டும் சுற்றிவருவது வியப்பாக இருக்கிறது. அந்தச் சிறை 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிந்தது. தீவின் குடியேற்றக் கதை அதற்கு முப்பத்தெட்டு ஆண்டு மூத்தது.

எழுதப்போகிறவர் எந்த மொழியில் எழுதுவார் என்பது கடைசிக் கேள்வி. கூகி ஆங்கிலத்தை விட்டுக் கிக்குயுவுக்குப் போனார், போக அவருக்கு ஒரு கிக்குயு ஊர் இருந்தது. கோவெண்டருக்குத் தமிழ் வீட்டுச் சொற்களாகச் சுருங்கிவிட்டதால் டர்பன் ஆங்கிலமே அவருடைய மொழி. லம்பா லைன் தமிழ்ப் பிள்ளைகள் பக்கத்து வீட்டு வங்காளியோடும் தெலுங்கரோடும் மாப்பிளாவோடும் விளையாடுவது தீவின் இந்தியில். தமிழ் கோயிலிலும் பாட்டியிடமும் தொலைக்காட்சியிலும் இருக்கிறது. மூன்று தலைமுறைக் கோபமும் கேலியும் அந்த இந்தியில்தான் ஊறியிருக்கின்றன. ஆகவே அந்தமான் தமிழரின் முதல் பெரிய நாவல் இந்தியில் வரவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். வந்தால் அதைத் தமிழ் நாவலின் வரலாற்றில் சேர்ப்பதா என்று சென்னையில் ஒரு சண்டை நடக்கும். கோவெண்டரையே இன்னும் அந்த வரலாற்றின் ஓரத்தில்கூட நாம் வைக்கவில்லை.